புஷ்ராட் நீளம்: மார்க்கர் தடமா, ப்ரீலோட் கணக்கா?

சிலிண்டர் ஹெட்டை இழைத்தாலோ, கேஸ்கெட் தடிமனோ கேம் ஷாஃப்டோ மாறினாலோ பழைய புஷ்ராடை (கேமின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் தண்டு) அப்படியே போடக் கூடாது. நீளத்தை அளக்க இரண்டு வழிகள். இரண்டுக்கும் நீட்டிச் சுருக்கும் அளவு ராட் வேண்டும். பல கருவிகளில் ஒரு சுற்றுக்கு 0.050 அங்குலம் நீளும்.

முதல் வழியில் வால்வுத் தண்டின் முனையில் மார்க்கர் மை பூசி, இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) தேய்த்த தடத்தைப் பார்க்கிறோம். தடம் நடுவில் விழுந்தால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தடம் ஒடுங்கலாக இருப்பதுதான் முக்கியம். அகன்ற தடம் என்றால் வால்வு கைடு, அதாவது வால்வுத் தண்டு நகரும் குழல், சீக்கிரம் தேயும். கேமுக்கும் புஷ்ராடுக்கும் இடையே இருக்கும் ஹைட்ராலிக் டேப்பெட் அமுங்கி ஏமாற்றும், ஆகவே வால்வு ஸ்ப்ரிங்குக்குப் பதில் மெல்லிய சோதனை ஸ்ப்ரிங் போட்டே அளக்க வேண்டும். ஸ்டட்டில் ஏறும், சரிசெய்யக்கூடிய ராக்கருக்கு இதுவே சரி.

ராக்கரில் சரிசெய்ய இடமே இல்லையென்றால் இரண்டாவது வழி. டேப்பெட் கேமின் வட்டப் பகுதியில் (வால்வு மூடியிருக்கும் நிலை) இருக்கையில் ஆட்டம் நிற்கும் நீளத்தை எடுத்து, டேப்பெட் தயாரிப்பாளர் சொல்லும் ப்ரீலோடை (டேப்பெட்டின் உட்பகுதி முன்கூட்டியே அமுங்கியிருக்க வேண்டிய அளவு) கூட்டினால் முடிந்தது. வேகமான வேலைதான், ஆனால் ராக்கரின் கோணம் பற்றி ஒன்றும் சொல்லாது.