கிளாம்பா, காற்றுக் குழாயா, அரெஸ்டரா? வாஷிங் மெஷினால் இடிக்கும் பைப்புக்கு எது சரி

மெஷின் தண்ணீர் எடுத்து முடிக்கும் அந்த நொடியில் சுவருக்குள் ‘டம்’ என்று ஓர் இடி. சேலத்தில் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும், அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் இந்தத் தொல்லை அதிகம். ஒரு பிளம்பர் கிளாம்ப் அடித்தால் போதும் என்பார். இன்னொருவர் துண்டு பைப் ஏற்றி மூடி போடலாம் என்பார். மூன்றாமவர் லைனையே மாற்றச் சொல்வார். மூன்றுக்கும் ஏற்ற வீடுகள் உண்டு. தன் வீட்டுக்குப் பொருந்தாததற்குக் காசைக் கொட்டிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று ஒருவர் வருந்துவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரணம். கையால் குழாயை மூடும்போது தண்ணீர் மெல்ல நிற்கிறது. மெஷினுக்குள் இருக்கும், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிடும். வேகமாக வரும் லாரி சடன் பிரேக் போட்டால் பின்னால் இருக்கும் சரக்கு முன்னால் வந்து மோதுமே, அதே கதைதான். எவ்வளவு அழுத்தம் எகிறும் என்பதற்கு ரஷ்யப் பொறியாளர் ஜுக்கோவ்ஸ்கி 1898-இலேயே கணக்குச் சொல்லிவிட்டார். அரை இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால், தண்ணீரின் வேகம் நொடிக்குச் சுமார் முக்கால் மீட்டர். அது சட்டென்று நின்றால் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் 10 பார் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் அதில் 4 பார் பக்கம். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளின் பழைய வீடுகளில் இன்னும் ஜி.ஐ. லைன் இருந்தால் சத்தம் பலமாகக் கேட்பது இதனால்தான்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. மெஷின் தண்ணீர் எடுக்கும்போது, வெளிச்சுவரில் இறங்கும் பைப்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். மெஷின் நிறுத்தும் நொடியில் பைப் துள்ளினால் குற்றவாளி மெஷின்தான். மெஷின் ஓடாதபோதும், மோட்டார் நிற்கும் சமயத்தில் இடித்தால் அது மோட்டார் லைனில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு அடித்து மூடும் சத்தம். அதற்கு மருந்து வேறு, மெஷின் பக்கம் என்ன மாட்டினாலும் தீராது.

செலவே இல்லாத வழி, மெஷினுக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாயான ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடி வைப்பது. ஓட்டம் பாதியானால் இடியும் ஏறக்குறைய பாதியாகும். மெஷின் நிரம்பக் கூடுதல் நேரம் எடுக்கும். ரொம்பவும் மூடினால் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். மொட்டைமாடி டேங்கிலிருந்து நேராக இறங்கும் ஒரு மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். அங்கே 3, 4 மீட்டர் உயரம்தான், அரை பார் அழுத்தம்கூட இருக்காது.

அப்புறம் கிளாம்ப். இது அழுத்தத்தைத் துளியும் குறைக்காது, பைப் சுவரில் மோதுவதை மட்டும் தடுக்கும். ஆனாலும் பாதிச் சத்தம் அந்த மோதலில்தான் வருகிறது. சி.பி.வி.சி. லைனுக்கு மூன்றடிக்கு ஒன்று வேண்டும். நம் ஊர் வெயிலில் பைப் நீளும், சுருங்கும். அதனால் நெரிக்கும் இரும்புப் பட்டை வேண்டாம், பைப் வழுக்கி நகர இடம் தரும் பிளாஸ்டிக் கிளாம்ப் போதும்.

காற்றுக் குழாய்க்கும், இடியை வாங்கிக்கொள்ளும் சிறு கருவியான அரெஸ்டருக்கும்தான் உண்மையான போட்டி. லைனில் ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டு, ஓரடி பைப்பை மேல்நோக்கி நிறுத்தி மூடி ஒட்டினால் காற்றுக் குழாய் தயார். உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி இடியை வாங்கிக்கொள்ளும். முதல் சில வாரம் அருமையாக வேலை செய்யும். பிறகு அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போகும், குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பும், இடி திரும்பிவிடும். டேங்க் வால்வை மூடி, கீழ்க்குழாய் வரை திறந்து லைனைக் காலி செய்தால் மீண்டும் காற்று ஏறும். அதை மறக்காமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். எத்தனை வீட்டில் செய்வார்கள்? சுவருக்குள் புதைத்த கன்சீல்டு லைனாக இருந்தால், இதற்காகச் சுவரை உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அரெஸ்டரில் காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ரப்பர் வளையம் மாட்டிய பிஸ்டன் இருக்கிறது. காற்று கரைய வழியில்லை. விலை கூடுதல்தான், உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் பிஸ்டன் நாளடைவில் இறுகவும் கூடும். இருந்தும் என் ஓட்டு இதற்கே. ஒரே நிபந்தனை: மெஷினை ஒட்டியே மாட்ட வேண்டும். மாடியில் பம்ப் பக்கத்தில் மாட்டினால் அந்த இடி வழியில் உள்ள பைப்பையெல்லாம் அடித்துவிட்டுத்தான் அதனிடம் போய்ச் சேரும்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. சரிவின் மேலே டேங்க், கீழே வீடு என்றால் 30 மீட்டர் இறக்கத்துக்கு பம்ப் இல்லாமலேயே 3 பார் வந்துவிடும். அங்கே முதலில் பிரஷர் குறைக்கும் வால்வு போட்டு 2 பாருக்கு இறக்குங்கள், பிறகு அரெஸ்டர். சேலத்து டேங்க் வீட்டுக்கு அந்த வால்வு வீண் செலவு. பம்ப் வைத்திருப்பவர்கள், அதன் பிரஷர் ஸ்விட்சில் குறைக்க வசதி இருந்தால் அதைக் குறைத்தாலே பலன் தெரியும்.

லைனை மாற்றுவது, துருப்பிடித்து ஜாயின்ட் கசியும் ஜி.ஐ. வீட்டுக்கு மட்டும்.

அரெஸ்டர் ஆன்லைனில் வாங்கினால் மரையைப் பாருங்கள். அமெரிக்க மாடல்களிலும் முக்கால் இஞ்ச் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அது தோட்டக் குழாய் மரை, இஞ்சுக்கு பதினொன்றரைச் சுற்று. நம் மெஷின் ஹோஸ் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தரப் பைப்) மரை, இஞ்சுக்கு 14 சுற்று. இரண்டும் சேராது, டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் கசியும். பி.எஸ்.பி. என்று போட்டிருப்பதை வாங்கினால் ஆங்கிள் வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவில் கையாலேயே முறுக்கி மாட்டலாம். வாடகை வீட்டுக்காரர்கள் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.