சன்னபட்னா மர பொம்மை: மூணு மாசமா பாப்பா கடிச்சதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

பாப்பாவுக்கு ஒண்ணே கால் வயசு, கைல கெடச்சது எல்லாம் நேரா வாய்க்குத்தான் போகும். அதனாலதான் பொம்மை எங்க செஞ்சதுன்னு பாத்து வாங்க ஆரம்பிச்சேன். வீட்டுப் பக்கத்துல ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல 180 ரூபாய்க்கு பிளாஸ்டிக் கிலுகிலுப்பை செட், டப்பால பெருசா மேட் இன் இந்தியான்னு ஸ்டிக்கர், சரி நம்மூரு சாமான்னு வாங்கிட்டு வந்தா அவ முதல்ல டப்பாவத்தான் சப்புனா, எச்சில்ல ஸ்டிக்கர் ஓரம் கிளம்பிடுச்சு, உரிச்சு பாத்தா கீழ முழுக்க சைனீஸ் எழுத்து. ஐஎஸ்ஐ முத்திரையும் இல்ல, இறக்குமதி பண்ணவன் பேரும் இல்ல. திருப்பி எடுத்துட்டு போனா கடைக்காரர் "எல்லாமே அப்படித்தான் சார் வருது"ன்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர பாக்க போயிட்டாரு.

சைனான்னாலே மட்டம்னு நான் சொல்ல வரல. லெகோ டென்மார்க் கம்பெனி, அவங்களுக்கு சைனாலயும் ஃபேக்டரி இருக்கு. ஹாட் வீல்ஸ் அமெரிக்க கம்பெனியோடது, காரை கவுத்து அடில பாருங்க, மலேசியா இல்லன்னா தாய்லாந்துன்னு இருக்கும். அவங்கல்லாம் மறைக்கல, நமக்கு மறைக்கிறதுதான் பிரச்சன. 2021 ஜனவரி 1லேருந்து இங்க விக்கிற பொம்மைக்கு, உள்நாடோ வெளிநாடோ, ஐஎஸ்ஐ கட்டாயம், அந்த முத்திரை கீழ சிஎம்/எல்னு ஒரு நம்பர் இருக்கும், அத ஐஎஸ்ஐ குடுக்கற அரசாங்க அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனின்னு வந்துடும். இறக்குமதி வரியும் 2020ல 20லேருந்து 60 சதவீதம், 2023ல 70 ஆயிடுச்சு, அதனாலதான் இந்த ஸ்டிக்கர் வேலையெல்லாம் நடக்குதோன்னு எனக்கு ஒரு டவுட்டு.

அப்புறம் மைசூர் போற வழில சன்னபட்னால வண்டிய நிறுத்துனோம். பெங்களூர்லேருந்து 60 கிலோமீட்டர் இருக்கும். கடைக்கு பின்னாடியே பட்டறை, அங்க கடைசல் போட்டுட்டு இருந்த பெரியவர் ஒரு மரத்துண்ட சுத்த விட்டு அதுமேல மஞ்ச கலர் அரக்கு குச்சிய அழுத்துனாரு, உரசுற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறிடுது, அப்புறம் தாழை ஓலைய வச்சு ஒரு இழுப்பு, அவ்ளோதான் கண்ணாடி மாதிரி பளபளப்பு. என்ன மரம்னு கேட்டேன், "ஆலே மர"ன்னாரு, நான் ஆலமரம்னே நெனச்சுட்டேன். அது நம்ம வெட்பாலையாம், தைலம் காய்ச்சுவாங்களே அதேதான்.

இங்கயும் கண்ண மூடிட்டு வாங்காதீங்க. அதே கடைல முன்வரிசைல இருந்த தட்டை பசில், அனிமல் கட்டவுட் எல்லாம் பெயிண்ட் அடிச்சது, மோந்து பாத்தா வாடை வருது. சுத்துற உருண்டை சாமானுக்குத்தான் கடைசல்ல அரக்கு ஏத்த முடியும், தட்டையா வெட்டுனதுக்கு எப்படி ஏத்துவாங்க? கேட்டா எல்லாமே லோக்கல்தான்னு ஒரே பதில். இன்னொண்ணு, புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள்னு குடுக்கற அங்கீகாரம், இருக்கற பொம்மைக்கும் பதிவு பண்ண கைவினைக்காரங்க செஞ்சு விக்கிறதுக்கும் ஐஎஸ்ஐலேருந்து விலக்கு இருக்கு, அதனால இதுல முத்திரைய தேடி பிரயோஜனம் இல்ல, பட்டறைய பாத்து கேட்டு வாங்கறதுதான் வழி.

நாங்க வாங்குனது ஒரு கிலுகிலுப்பை 150, வளையம் அடுக்குறது 380, அப்புறம் சொப்பு சாமான் ஒரு செட் 450. அந்த சொப்ப பாத்ததும் எங்கம்மா கீழ உக்காந்துட்டாங்க, பேத்திக்கு முன்னாடி அவங்கதான் சோறு பொங்கி விளையாடுனாங்க. மூணு மாசமா கடிக்கிறா, கிலுகிலுப்பைல பல்லு தடம் இருக்கு, ஆனா கலர் வாய்ல வரல. நான் பண்ண கூத்து ஒண்ணு, கிருமி போகட்டும்னு சிவப்பு வளையத்த சானிடைசர் போட்டு தொடச்சேன், பிசுபிசுன்னு ஆகி கலர் என் விரல்ல ஒட்டிக்கிச்சு. அப்புறம்தான் உறைச்சுது, அரக்கு ஆல்கஹால்ல கரையும்ல, பாலிஷ் வேலை செய்ற ஆசாரிய கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரு. வெந்நீர்ல ஊற போடறதும் வேணாம், ஈரத்துணில தொடச்சு உடனே காய வைங்க.

பிளாஸ்டிக்தான் வேணும்னா ஃபன்ஸ்கூலுக்கு நம்ம ராணிப்பேட்டைலயே ஃபேக்டரி இருக்கு, அப்பவும் டப்பாவ திருப்பி ஐஎஸ்ஐ பாத்துக்கோங்க.

பட்டறை கடைக்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ண குறைச்சது அந்த பெயிண்ட் பசிலுக்காக. வளையம் நல்ல கனம், பாப்பா அத என் கால் கட்டைவிரல்ல ரெண்டு தடவ போட்டாச்சு.