கூஜின் பிரசங்க மேடையும் மார்கரெட் ஃபெல்லின் சிறையும்

"சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய பைபிள் வசனத்தின் (1 கொரிந்தியர் 14:34) நிழலில், 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு குரல்கள்.

வில்லியம் கூஜ் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் போதகர். குடும்பக் கடமைகள் பற்றிய அவருடைய பிரசங்கங்கள் 1622-இல் நூலாயின. கணவன் முன் மனைவியின் பேச்சு குறைவாக, பணிவாக, சாந்தமாக இருக்கவேண்டும் என்றார். ஆனால் வாயே திறக்காமல் இருப்பதை அவர் ஏற்கவில்லை. அது பிடிவாதமாகத் தெரியுமாம். அதாவது மௌனத்தின் அளவையும் ஆணே குறிக்கிறார். அவருடைய சபைப் பெண்களுக்கே இந்த உபதேசத்தில் சில பகுதிகள் பிடிக்கவில்லை. குடும்பச் சொத்தைக் கணவன் சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்றதற்கு எதிர்ப்பு வந்தது.

மார்கரெட் ஃபெல் குவேக்கர், அதாவது சத்தியம் செய்வதையே தவறென்று கருதிய ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததால் லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தபோது, 1666-இல் சபையில் பெண்கள் பேசுவதை ஆதரிக்கும் அவருடைய சிறுநூல் வெளிவந்தது. பவுல் கண்டித்தது கொரிந்து சபையின் குழப்பத்தைத்தான், எல்லாப் பெண்களையும் அல்ல என்று வாதாடினார். சரி, அதற்கு ஆதாரம்? இயேசுவின் உயிர்த்தெழுதல் செய்தியை முதலில் சீஷர்களிடம் கொண்டுபோனவர்கள் பெண்கள். அவர்கள் அன்று பேசாதிருந்தால் அந்தச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று கேட்டார். அப்பொல்லோ என்ற போதகருக்கே வேதத்தை விளக்கிச் சொன்ன பிரிஸ்கில்லாள் என்ற பெண்ணையும் காட்டினார்.

என் மனம் ஃபெல் பக்கமே. கூஜ் ஒரு வசனத்தை வீட்டுச் சட்டமாக்கினார். ஃபெல் அதே வேதத்தை முழுவதுமாகப் படித்தார்.