காற்றில் எரித்த சாம்பல், ஆக்சிஜனில் எரித்த சாம்பல்: எது எங்கே மாறுகிறது?

நிலக்கரி பாய்லரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தீயைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஆனால் பாய்லரை நிறுத்த வைப்பது பெரும்பாலும் சாம்பல்தான். குழாயில் ஒட்டும், கிளிங்கராக, அதாவது உருகி ஒட்டிய சாம்பல் கட்டியாக, இறுகும், வழியை அடைக்கும். அதனால் ஆக்ஸி-ஃபியூயல் முறையைப் பற்றி யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது "சாம்பல் என்ன ஆகிறது?" என்பதைத்தான்.

முறை எளிதானது. வழக்கமான பாய்லருக்குள் போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்ஸி முறையில் நைட்ரஜனை முன்கூட்டியே பிரித்துத் தள்ளிவிட்டு, ஆக்சிஜனோடு புகைவாயுவின் பெரும்பகுதியைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். வெளியே வரும் புகை ஏறக்குறைய கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் என்பதால் அதைப் பிடித்துச் சேமிப்பது எளிது. ஜெர்மனியின் ஷ்வார்ட்சே பும்பேவில் வாட்டன்ஃபால் நிறுவனத்தின் 30 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட சோதனை ஆலை 2008இல் ஓடத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் காலைடில் 30 மெகாவாட் மின் அலகு ஒன்று இதே முறைக்கு மாற்றப்பட்டு 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

முதலில் தீக்குள் நடப்பதைப் பார்ப்போம். எரியும் ஒரு கரித்துகளின் உள்ளே கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். அது சாம்பலில் உள்ள சிலிக்காவிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து, சிலிக்கான் மோனாக்சைடு என்ற ஆவியாக மாற்றிவிடும். அந்த ஆவி துகளை விட்டு வெளியே வந்ததும் மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான பொடியாக உறையும். மெக்னீசியத்துக்கும் இதே கதைதான். வடிகட்டியில் பிடிக்கக் கடினமான மிக நுண்ணிய சாம்பலில் ஒரு பங்கு இப்படித்தான் பிறக்கிறது. இந்த வினையில் கழிவாக வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. சுற்றிலும் ஏற்கெனவே அதுவே நிறைந்திருந்தால் வினை முன்னே நகரத் தயங்கும். ஆக, ஆக்ஸி முறையில் நுண்சாம்பல் குறைய வேண்டும்.

குறைகிறதா? ஆக்சிஜன் அளவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உயர் வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடு நைட்ரஜனைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வெப்பத்தை விழுங்கும். ஆக்சிஜன் அதன் ஊடே பரவுவதும் மெதுவாகத்தான். அதனால் அதே 21 சதவீத ஆக்சிஜனில் எரித்தால் துகள் குளிர்ந்திருக்கும், ஆவியாவதும் குறையும். ஆனால் அப்படி ஓட்டினால் தீ தளர்ந்துவிடும். நடைமுறையில் 27 முதல் 30 சதவீதம் வரை ஏற்றுகிறார்கள். துகளின் வெப்பநிலை பழைய இடத்துக்கு வந்துவிடும், வித்தியாசமும் சுருங்கிவிடும். இந்த ஒரு எண்ணைச் சொல்லாமல் "ஆக்ஸியில் நுண்சாம்பல் குறைவு" என்று எழுதியிருந்தால் நான் அதை நம்பமாட்டேன்.

பெரிய சாம்பல் துகள்களின் அடிப்படைக் கலவையில், அதாவது சிலிக்கா, அலுமினா, இரும்பு விகிதத்தில், சொல்லும்படியான மாற்றம் இல்லை. அது நிலக்கரியோடு வந்தது. எந்த வாயுவில் எரித்தாலும் அதேதான்.

சரி, அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே? என் கணிப்பில், திருப்பி விடும் புகையில்தான். அதை எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. சாம்பல் வடிகட்டிக்கு முன்பே எடுத்தால் சாம்பலே மறுபடி உலைக்குள் சுற்றும். வடிகட்டிக்குப் பின், ஆனால் சல்பரை நீக்குவதற்கு முன் எடுத்தால் சாம்பல் நின்றுவிடும், சல்பர் டை ஆக்சைடு மட்டும் சுற்றிச் சுற்றிச் சேரும். நீர்த்துப்போக வைக்க நைட்ரஜனும் இல்லாததால், அதன் செறிவு காற்று முறையைப்போல் மூன்று நான்கு மடங்கு வரை போகலாம். வெப்பக் குழாய்களில் படியும் அடுக்கு அதிக சல்பேட் ஏறியதாகிறது. சல்பர் ட்ரை ஆக்சைடும் நீராவியும் கூடுவதால், அமிலம் பனிக்கும் வெப்பநிலையும் உயர்ந்து, குளிர்ந்த பக்கத்துத் தகடுகளை அரிக்கத் தொடங்கும். சல்பரையும் நீக்கிய பிறகே திருப்பிவிட்டால் சாம்பலின் நடத்தை பெரும்பாலும் காற்று முறையை ஒட்டியே இருக்கும். செலவு அதிகம்தான், ஆனால் சல்பர் கூடிய பழுப்பு நிலக்கரிக்கு நான் இதைத்தான் தேர்வேன். சல்பர் மிகக் குறைந்த கரிக்கு, வடிகட்டி ஒன்றே போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிபிஎம்மில் (புகையின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவில்) சல்பர் கூடியிருப்பதைப் பார்த்து, வெளியேறும் மொத்த சல்பரும் கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. எரித்த ஒவ்வோர் அலகு கரிக்கும் கணக்குப் போட்டால் வெளியேறுவது குறையவே செய்கிறது. சாம்பல் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், சுழல் படுகை பாய்லர்: கீழிருந்து ஊதும் வாயுவில் கரியும் மணலும் சாம்பலும் மிதந்து சுழல, அதிலேயே எரிக்கும் வகை. அங்கே சல்பரைப் பிடிக்க சுண்ணாம்புக்கல்லைப் படுகையிலேயே போடுகிறார்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. காற்று முறையில் புகையில் சுமார் 15 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 780 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். ஆக்ஸி முறையில் அந்த அளவு 80 சதவீதத்தை எட்டினால் 880 டிகிரி வரை கல் கல்லாகவே நிற்கும். படுகை 850இல் ஓடுகிறது என்று வையுங்கள். காற்று முறையில் சுட்ட சுண்ணாம்பு சல்பரைப் பிடிக்கும்போது உண்டாகும் சல்பேட் வீங்கி அதன் துளைகளை அடைத்துவிடும். உள்ளே இருப்பது வீண். ஆக்ஸி முறையில் சல்பேட் உருவாகும்போதே கார்பன் டை ஆக்சைடு உள்ளிருந்து வெளியேறி வழியைத் திறந்து வைக்கும். வினை மெதுவானது, ஆனால் அடைத்துக்கொள்வதில்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. படுகையை 900க்கு மேல் ஓட்டி, சுட்ட சுண்ணாம்பு உருவான பின், அது குளிர்ந்த மூலையில் தேங்கினால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும். சாம்பல் கீழிறங்கித் திரும்பும் வளைகுழாயில் இது நடந்தால் மணல்போல் ஓட வேண்டியது கட்டியாகிவிடும். 850இல் நிதானமாக ஓட்டியவரின் சாம்பலிலோ சுட்ட சுண்ணாம்பு குறைவு. தண்ணீர் தெளித்து அள்ளும்போது அது கொதித்துப் புகைவதும் குறைவு.