காவடி வீடியோவின் மேல் தமிழ் எழுத்து: கேடென்லைவ் டைட்டில் கருவி ஒரு மதிப்பீடு

ஓடும் வீடியோவின் மேல் பின்னணிக் கட்டம் எதுவும் இல்லாமல் தமிழ் எழுத்தை மட்டும் மிதக்கவிட வேண்டும் என்றால், இலவசமாகக் கிடைக்கும் வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில் எங்கள் முதல் தேர்வு கேடென்லைவ். அதன் டைட்டில் கருவியில் 'கொ' என்று அடித்தால் 'கொ' என்றே திரையில் வருகிறது. தமிழே தெரியாத எடிட்டிங் மென்பொருளோடு மல்லாடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்குள் தமிழ் சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணில் தெரியும் வரிசை வேறு. 'கெ' என்பதில் முதலில் 'க' சேமிக்கப்படுகிறது, கொம்பு அதற்குப் பிறகுதான். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வடிவமைக்கும் பகுதியின் வேலை. 'கோ'வுக்கு ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். அந்தப் பகுதி இல்லாத மென்பொருளில் 'கோயில்' என்ற சொல் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி, நடுவே புள்ளி வட்டத்தோடு நிற்கும். கேடென்லைவ் எழுத்தை வரைய கியூட்டி என்ற மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதற்குள் எழுத்தை வடிவமைக்கும் பகுதியான ஹார்ஃப்பஸ் இருப்பதால் தனி அமைப்பு எதையும் தொடாமலே தமிழ் ஒழுங்காக அமர்கிறது.

இதில் கவனம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இங்கே மொரீசியஸில் கூடுதல் காரணம் உண்டு. மொரீசியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ். 1998இல் அதை மூன்றாம் வரிக்குத் தள்ளி அச்சான தாள்கள், தமிழர்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டன. வரி ஒன்று கீழே போனதையே பொறுக்காத சமூகத்தின் கோயில் வீடியோவில், முருகன் பெயர் உடைந்து ஓடக் கூடாது.

வேலையைத் தொடங்கும் முறை

முதலில் ப்ராஜெக்ட் அளவை முடிவு செய்யுங்கள். 1920×1080, நொடிக்கு 25 ஃபிரேம் என்பது இங்கே பொருந்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கோயில் உள்ளே டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போதும் 25 ஃபிரேமில் சிமிட்டல் குறைவு. டைட்டில்கள் ப்ராஜெக்ட் அளவை வைத்தே உருவாகின்றன. பாதி வேலை முடிந்தபின் அளவை மாற்றினால் எழுத்தின் இடமும் அளவும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாகிவிடும். கைபேசியில் எடுத்த காட்சிகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். அவற்றைச் சேர்க்கும்போது எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றவா என்று கேடென்லைவே கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மேளச் சத்தமும் படமும் மெல்ல மெல்ல விலகும்.

பிறகு 'ஆட் டைட்டில் கிளிப்' என்பதைத் தேர்ந்தால் டைட்டில் சாளரம் திறக்கும். பின்னணி தொடக்கத்திலேயே ஒளிபுகும் நிலையில்தான் இருக்கும், அதற்கென்று எதையும் அழுத்த வேண்டாம். பலர் தடுமாறுவது 'ஷோ பேக்கிரவுண்ட்' என்ற குறியில். அதை இட்டால், காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அப்போது நிற்கும் காட்சி எழுத்தின் பின்னால் தெரியும். எழுத்தை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கான வசதி மட்டுமே அது, டைட்டிலோடு சேராது. இதை அறியாமல் "பின்னணி ஒட்டிக்கொண்டது" என்று டைட்டிலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குபவர்கள் நிறைய.

முடித்த டைட்டிலை டைம்லைனில் வீடியோவுக்கு மேலே உள்ள டிராக்கில், அதாவது மேல் அடுக்கில் வையுங்கள். கீழே வைத்தால் வீடியோ அதை மூடிவிடும். தொடக்க நீளம் 5 நொடி. ஒரு பெயருக்கு அது போதும். மேலே தமிழும் கீழே பிரெஞ்சும் என்று இரண்டு வரி போட்டால் 7 நொடி கொடுங்கள்; பாட்டிகள் தமிழைக் கூட்டிப் படித்து முடிக்க வேண்டாமா?

விளிம்பிலிருந்து தள்ளி வைக்கும் அளவுக்கு ஐரோப்பிய ஒளிபரப்புக் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம். 1080 அளவில் அது இடம் வலம் 96 பிக்சல், மேல் கீழ் 54 பிக்சல். அந்த எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலான டிவிகளில் எழுத்து வெட்டுப்படாது.

எழுத்துருவும் நிறமும்

பாதி வேலை இங்கேதான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகிய நான்கும் இலவசம், நான்கிலும் தடித்த வகை உண்டு. எடுக்க வேண்டியதும் தடித்த வகையைத்தான். மெல்லிய கோடுகள் எடிட்டிங் திரையில் அழகாக இருக்கும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கியதும் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் 'பால்' 'பால' ஆகிவிடும், பொருளே மாறும். 1080 அளவுக்குத் தமிழ் வரி 60 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். பிரெஞ்சு வரிக்கு 42 போதும்.

பிரெஞ்சு வரியைத் தனிப் பெட்டியில் எழுதுங்கள். சில தமிழ் எழுத்துருக்களில் இலத்தீன் எழுத்தே இருக்காது. இருந்தாலும் பிரெஞ்சின் மேற்குறிகள் இருக்கும் என்ற உறுதியில்லை. அப்போது மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், ஒரே சொல்லுக்குள் இரண்டு முகம் தெரியும்.

வரி இடைவெளியைக் கூட்டுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் நீளும். மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொண்டால் படிக்கவே முடியாது. எழுத்து இடைவெளியை மட்டும் சுழியத்திலேயே விட்டுவிடுங்கள்.

இனி நிறம். மொரீசியஸ் காவடியின் நிறம் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, அதோடு மஞ்சள், பச்சைத் தென்னங்குருத்து, மேலே வெள்ளை வெயில். இவற்றின் மேல் சிவப்பு எழுத்தோ மஞ்சள் எழுத்தோ போடாதீர்கள். கண்ணுக்குப் பிரித்தறிவது கடினம் என்பது ஒரு காரணம். இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது: நாம் வெளியிடும் எம்பி4 கோப்பில் வெளிச்சம் முழு 1920×1080 நுணுக்கத்தோடு பதிவாகிறது, நிறமோ 960×540 நுணுக்கத்தோடுதான். அதனால் இளஞ்சிவப்பின் மேல் வைத்த சிவப்பு எழுத்தின் ஓரம் கரைந்து வழியும். வெள்ளை எழுத்தின் வடிவம் வெளிச்சத்தில் பதிவாவதால் கூர்மையாக நிற்கும். வெள்ளை எழுத்து, 3 பிக்சல் கறுப்பு ஓரக்கோடு, மெல்லிய நிழல்: இந்தக் கூட்டணி எல்லாக் காட்சிக்கும் தாங்கும். ஓரக்கோட்டை 6, 8 என்று ஏற்றினால் 'ஞ', 'ணி', 'ஜ' எழுத்துகளின் உள்ளிடம் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும்.

கோபுரம் பின்னால் வரும் காட்சிக்கு ஓரக்கோடு மட்டும் போதாது. போர்ட் லூயிஸ் கைலாசம் கோயிலானாலும், காத்ர் போர்னில் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலானாலும், சிற்பமும் வண்ணமும் நெருங்கி நிற்கும். அங்கே டைட்டில் சாளரத்திலேயே ஒரு நீள்சதுரம் வரைந்து, கறுப்பு நிறம் கொடுத்து, அதன் ஒளிபுகாத் தன்மையை 50 முதல் 60 சதவீதம் வரை வையுங்கள். பின்னால் கோபுரமும் தெரியும், எழுத்தும் தெரியும். இந்த நீள்சதுரம் பிறகு வரையப்படுவதால் எழுத்தை மூடி நிற்கும். எது மேலே, எது கீழே என்று சொல்லும் அதன் இசட் எண்ணைக் குறைத்துக் கீழே அனுப்ப வேண்டும்.

எங்கே இடறுகிறது

முதல் குறை ஃபேட். கிளிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளியை இழுத்தால் எழுத்து மெல்லத் தோன்ற வேண்டும். சில சமயம் எழுத்து முதலில் கறுப்பாக வந்து பிறகு வெளுக்கும். அந்த விளைவின் அமைப்பில் கறுப்பிலிருந்து தொடங்கு என்ற குறி இடப்பட்டிருப்பதே காரணம். குறியை எடுத்துவிட்டால் ஒளிபுகும் நிலையிலிருந்து தோன்றும். இது தெரிந்தவருக்கு இரண்டு நொடி வேலை, தெரியாதவருக்கு ஒரு மாலை.

இரண்டாவது, ஒரே டைட்டிலை டைம்லைனில் பத்து இடத்தில் வைத்துவிட்டு ஒன்றில் பெயரை மாற்றினால் பத்தும் மாறும். பத்தும் ஒரே மூலத்தின் நிழல்கள். ப்ராஜெக்டின் கோப்புகள் எல்லாம் இருக்கும் 'ப்ராஜெக்ட் பின்' பட்டியலில் அதை டூப்ளிகேட் செய்து, ஒவ்வொரு பிரதியிலும் பெயர் மாற்ற வேண்டும். டெம்ப்ளேட் டைட்டில் என்று ஒரு வசதி உண்டு. ஒரே ஒரு சொல்லை மாற்றிக்கொண்டே போவதற்கு நல்லது. தமிழ் வரி, பிரெஞ்சு வரி இரண்டும் தனித்தனியாக மாறும் நம் வேலைக்கு அது உதவாது. இரண்டு இடத்துக்கும் தனித்தனி உரை கொடுக்கும் வழி அதில் வந்தால் திருமண வீடியோ எடுப்பவர்கள் எல்லோரும் கும்பிடுவார்கள்.

டைப்ரைட்டர் விளைவில் எழுத்து எழுத்தாகத் தோன்றச் செய்வதைத் தமிழுக்குத் தவிருங்கள். 'மு' வருவதற்கு முன் 'ம' தோன்றி, பிறகு உகரக் குறி ஒட்டும். கொம்புள்ள எழுத்தில் 'ம' வலப்பக்கம் துள்ளி விலகும். சொல் சொல்லாகத் தோன்றும்படி வைத்தால் அந்தத் துள்ளல் இல்லை.

இன்னொன்று மென்பொருளின் தவறல்ல. பழைய கோயில் அழைப்பிதழ்களின் உரை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே டைட்டிலில் ஒட்டுங்கள். மாற்றியதும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒற்று விடுபட்டிருக்கலாம்.

டைட்டிலை மட்டும் வேறொருவருக்கு அனுப்ப

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வழக்கமான எம்பி4 ஆக ரெண்டர் செய்தால், அதாவது முடிவான கோப்பாக வெளியிட்டால், ஒளிபுகும் பகுதி கறுப்பாகிவிடும், ஏனென்றால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்கும் முறை ஆல்ஃபாவைத் தாங்குவதில்லை. ஆல்ஃபா என்பது சிவப்பு, பச்சை, நீலத்தோடு சேரும் நான்காவது பதிவு. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்வது அதுதான். ரெண்டர் சாளரத்தில் ஆல்ஃபாவுடன் கூடிய வீடியோ என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதில் ஆல்ஃபா எம்ஓவி எடுங்கள். கீழே வீடியோ டிராக் எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு ரெண்டர் செய்ய வேண்டும். கோப்பு பெரிதாக வரும், பயப்பட வேண்டாம். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 8.3 எம்பி, நொடிக்கு 207 எம்பி என்பதுதான் கணக்கு. பெரும்பகுதி வெறுமை என்பதால் உண்மையில் அதைவிட வெகுவாகக் குறையும்.

வந்த கோப்பைப் பிளேயரில் திறந்து, கறுப்பு தெரிகிறதே என்று திருப்பி அனுப்பாதீர்கள். பிளேயருக்குப் பின்னால் காட்ட வேறு படம் இல்லை, அதனால் கறுப்பைக் காட்டுகிறது. ஒரு வெள்ளை நிறக் கிளிப்பின் மேல் டிராக்கில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அங்கே எழுத்தைச் சுற்றி மங்கலான கறுப்பு வளையம் தெரிந்தால், ஆல்ஃபா படிக்கும் முறை பொருந்தவில்லை என்று பொருள். பெறுபவரின் மென்பொருளில் ஸ்ட்ரெயிட், ப்ரீமல்டிப்ளைடு என்ற இரண்டில் இருப்பதை மற்றதாக மாற்றச் சொல்லுங்கள். ப்ரோரெஸ் என்ற வீடியோ வடிவத்தைக் கேட்பவரிடம் 4444 வகை என்றே உறுதி செய்துகொள்ளுங்கள். 422 வகையில் ஆல்ஃபா கிடையாது.

அசைவில்லாத பெயர்ப் பலகைக்கு இவ்வளவு தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுதி பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்தால் போதும், அங்கும் தமிழ் சரியாக வருகிறது. கேடென்லைவ் டைட்டில் கோப்பையே அனுப்புவதைவிட இது பாதுகாப்பு. டைட்டில் கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. அது நிறுவப்படாத கணினியில் வேறு முகத்தோடு திறக்கும். இணையத்தில் 'ஒளிபுகும் படம்' என்று எடுத்த ஓம், வேல் படங்களில் சாம்பல் கட்டங்கள் படத்தோடு ஒட்டியே வருவதும் உண்டு. ஜேபெக் என்றால் ஆல்ஃபா இருக்கவே முடியாது, பிஎன்ஜி என்றால் வெள்ளையின் மேல் வைத்துச் சோதியுங்கள்.

கட்டளை வரியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: பழைய பதிப்புகளில் எழுத்து வரையும் ட்ராடெக்ஸ்ட் வசதி தமிழை உடைக்கும். பிஎன்ஜியை வீடியோவின் மேல் ஓவர்லே ஆக வையுங்கள், அல்லது ஏஎஸ்எஸ் வகை வசன வரிகளாகக் கொடுங்கள்.

ரெண்டருக்கு முன் செய்ய வேண்டியது பெயர்ச் சோதனை. இங்கே பெயர்கள் பிறப்புப் பதிவில் பிரெஞ்சு ஒலிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டவை. அதைப் பார்த்துத் தமிழில் எழுதினால் ழகரமா ளகரமா, நெடிலா குறிலா என்பது தெரியாது. பெயர்ப் பட்டியலைத் தமிழில் எழுதி வீட்டுப் பெரியவரிடமோ கோயில் குருக்களிடமோ காட்டித் திருத்தி வாங்குங்கள், பிறகு டைட்டிலில் ஏற்றுங்கள்.