இணைய வயரைப் பிடுங்கிப் பார்க்காமல் ஸ்மார்ட் சாதனம் வாங்காதீர்கள்

ஆயுள் முழுக்கச் சேவை உண்டு என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பெட்டி, 2016 மே 15 அன்று வெறும் பிளாஸ்டிக் ஆனது. அதன் பெயர் ரிவால்வ். வீட்டு விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கட்டிப்போடும் ஹப் அது. அந்த நிறுவனத்தை 2014-இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது, விற்பனையை நிறுத்தியது, பிறகு பெட்டி இயங்கத் தேவையான சர்வரையும், அதாவது நிறுவனத்தின் தொலைதூரக் கணினியையும், மூடியது. பெட்டிக்குள் ஒரு பாகம்கூடப் பழுதாகவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூரத்திலிருந்தே அணைத்துவிட்டார்கள்.

இதை ஒரு விதிவிலக்கு என்று தள்ள முடியாது. அமெரிக்கக் கடைச் சங்கிலியான பெஸ்ட் பை, தன் சொந்தப் பெயரில் விற்ற ஸ்மார்ட் சாதனங்களின் சேவையை 2019 நவம்பர் 6 அன்று நிறுத்தியது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: ஃப்ரீசர் வழக்கம்போல் குளிரூட்டியது, கேமராவோ குப்பைக்குப் போனது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் விளக்கு, சுவிட்ச் விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சர்வர்களை அணைத்தது. பின்னர் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள். எல்லாப் பொருளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் 2024 ஏப்ரலில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது, 2025 பிப்ரவரி 28-இல் செத்தது. அறிவிப்புக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே கிடைத்தது பத்து நாள். கடைசி 90 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பியது. முதல் ஆளாக வரிசையில் நின்று, கூடவே மாதச் சந்தாவும் கட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. மலிவான வைஃபை சாதனங்கள் பலவற்றில், நீங்கள் ஆப்பில் பட்டனைத் தட்டினால் கட்டளை முதலில் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் உள்ள பல்புக்கு வருகிறது. சாதனத்தின் மூளையில் பாதி உங்கள் வீட்டில் இல்லை. நிறுவனம் மூடப்படாவிட்டாலும் சிக்கல் வரும். சர்வரோடு பாதுகாப்பாகப் பேச ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் டிஜிட்டல் சான்றிதழ்கள் பதிந்திருக்கும், அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படிப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது) காலாவதியானபோது, அப்டேட் நின்றுபோன பழைய சாதனங்கள் பல இணையத்தோடு பேச முடியாமல் திணறின. வாரண்டி அட்டையைப் புரட்டிப் பயன் இல்லை. அது பெரும்பாலும் பொருளில் உள்ள குறைக்குத்தான், சேவை நின்றதற்கு அல்ல.

ஆகவே சோதனை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பெட்டியைத் தூக்கிப்போடுவதற்கு முன், இதைச் செய்துவிடுங்கள்.

சாதனத்தை வழக்கம்போல் இணைத்து வேலை செய்ய வையுங்கள். பிறகு ரவுட்டருக்கு வெளியிலிருந்து இணையம் கொண்டுவரும் வயரை மட்டும் கழற்றுங்கள். ரவுட்டரை அணைக்கக் கூடாது, வைஃபை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். பலரும் இதை விட்டுவிடுவார்கள்: வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், வீட்டுக்குள்ளேயே ஒழுங்காக இயங்கக்கூடிய சாதனத்தையும் ஆப் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். நல்ல பொருளைத் தவறாகத் திருப்பி அனுப்புவீர்கள். இப்போது ஆப்பிலிருந்து பல்பை எரிய வைத்துப் பாருங்கள். எரிந்தால் முதல் படி தேறியது.

அத்தோடு நிறுத்தாதீர்கள். இணையம் இல்லாத நிலையிலேயே ரவுட்டர், சாதனம் இரண்டின் மின்சாரத்தையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு நடப்பதற்கு ஒத்திகை இது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, மறுபடி உயிர் வரும்போது சர்வரைத் தேடி விழிக்கும் சாதனங்கள் உண்டு. நேர அட்டவணை போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். பல சாதனங்களில் சொந்தமாகக் கடிகார பேட்டரி கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கும். மின்சாரம் போய் வந்து, இணையம் மட்டும் வராத இரவில், மாலை 6 மணிக்கு எரிய வேண்டிய விளக்கு கண்ட நேரத்தில் எரியும் அல்லது எரியவே எரியாது.

கடைசிச் சோதனைதான் கடுமையானது. இணையம் இல்லாமலே சாதனத்தை ரீசெட் செய்து, புதிதாக இணைத்துப் பாருங்கள். வைஃபை சாதனங்களில் நிறைய இதில் தோற்கும், ஏனென்றால் அவை முதல் அறிமுகத்துக்கே கணக்கும் கடவுச்சொல்லும் சர்வரும் கேட்கும். இதில் தோற்றாலும் முன்னிரண்டில் தேறியிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை: ரவுட்டர் மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அப்படியே புதியதில் போடுங்கள். மாற்றினால் ஒவ்வொன்றையும் ரீசெட் செய்ய வேண்டிவரும், அன்றைக்குச் சர்வர் இல்லையென்றால் கதை முடிந்தது.

பெட்டியில் ‘அலெக்ஸாவுடன் (அமேசானின் குரல் உதவியாளர்) இயங்கும்’ என்று இருப்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஒரு நிறுவனத்தின் சர்வர் இன்னொரு நிறுவனத்தின் சர்வரோடு பேசுகிறது என்பதுதான், அறுபடக்கூடிய இடம் ஒன்றுக்கு இரண்டு. தேட வேண்டியது மேட்டர் முத்திரை (வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் ஒன்றாக இயங்குவதற்கான பொதுத் தரம்), அல்லது ஜிக்பீ (வைஃபை இல்லாமல் ஒரு ஹப் வழியாகச் சாதனங்கள் பேசும் வயர்லெஸ் முறை). 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரத்தில், கட்டளைகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகும்படிதான் வடிவமைப்பு. அதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. நிறம் மாறும் காட்சிகள், மின்சாரக் கணக்கு போன்ற கூடுதல் வசதிகளைச் சில நிறுவனங்கள் தங்கள் ஆப்பில் மட்டுமே வைத்திருக்கும். இரண்டாவது, இணைப்பதற்கான 11 இலக்க எண்ணும் கியூஆர் குறியும் பெரும்பாலும் சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கும். சுவரில் பதிக்கும் சுவிட்ச் என்றால், பொருத்துவதற்கு முன் அதைப் படம் எடுத்து வைக்காவிட்டால், பின்னாளில் அந்த எண்ணுக்காக மட்டும் சுவிட்ச் பெட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

சுவர் சுவிட்ச் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் வயர் இல்லாமல் இருக்கலாம். ‘நியூட்ரல் தேவையில்லை’ என்று விற்கும் சுவிட்சுகள், தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுக்கும். குறைந்த வாட் எல்இடி என்றால் அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும், அல்லது சிமிட்டும். விளக்குக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் பொருத்தினால் சரியாகும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஸ்மார்ட் பிளக்கில் ‘10 ஆம்பியர்’ என்று பார்த்ததும் மோட்டாரைச் செருகாதீர்கள். அந்த அளவு பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொல்லப்படுவது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமானதைப் போலப் பல மடங்கு இழுக்கும், பிளக்குக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆப்பில் அணைத்தாலும் மோட்டார் நிற்காது.

அப்படியானால் எதை வாங்கலாம்? பல்பு, சுவிட்ச், சென்சார் இவற்றில் மேலே சொன்ன சோதனையில் தேறியவை தாராளமாக. கேமராவில், மெமரி கார்டில் பதியும் வசதியும் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (கேமராவின் படத்தை வேறு மென்பொருளிலும் பார்க்க உதவும் பொதுத் தரங்கள்) ஆதரவும் இரண்டும் இருந்தால் மட்டும். விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் கேமராவின் முகவரியைக் கொடுத்துப் படம் தெரிந்தால், நிறுவனத்தின் ஆப் நாளை போனாலும் கேமரா உங்களுடையது. ‘சந்தா இல்லாமலும் பார்க்கலாம்’ என்பதில் ஏமாறாதீர்கள், நேரலை மட்டும் பார்க்கலாம் என்றுதான் பல இடங்களில் அதற்கு அர்த்தம். கதவுப் பூட்டில் சாவித்துளை கட்டாயம், ஆப் மட்டுமே என்பதைத் தொடவே வேண்டாம். சலவை இயந்திரம், ஃப்ரிட்ஜ் போன்றவற்றில் வைஃபை இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். போன் செய்யும் வேலையைத் தனியாகச் செய்வதாகச் சொல்லும் புதுப் புது ஏஐ கருவிகளை இரண்டாம் தலைமுறை வரும்வரை வேடிக்கை பார்ப்பதே நல்லது.

ஏற்கெனவே வாங்கியிருந்து, சேவை நிறுத்த அறிவிப்பு வந்துவிட்டதா? ரீசெட் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. கெடு நாளுக்கு முன்பே சாதனத்தை வேறு உள்ளூர் அமைப்பில் சேர்க்க வழி உண்டா என்று பாருங்கள். பெல்கின் நிறுவனம் தன் வீமோ ஸ்மார்ட் சாதனங்கள் பலவற்றுக்கு 2026 ஜனவரி 31-ஐக் கெடுவாக 2025 ஜூலையில் அறிவித்தபோது, ஹோம்கிட் (ஆப்பிளின் வீட்டுச் சாதன அமைப்பு) ஆதரவுள்ளவற்றை அந்தத் தேதிக்குள் அதில் இணைத்தவர்களுக்குத் தொடர்ந்து இயங்கும் என்றது. தாமதித்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. சர்வரில் உள்ள பதிவுகளை இறக்கி வையுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் சந்தாவை நீங்களே ரத்து செய்யுங்கள். வாங்கிய ரசீதோடும் விளம்பரத்தின் திரைப்பிடிப்போடும் விற்ற கடைக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் எழுத்தில் பணம் கேளுங்கள், அறிவிப்பு வந்த வாரமே.