லோவார்ரேயா, கோகாவா?

ஸ்பெயினின் இடைக்காலக் கோட்டைகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், போட்டி அரகோன் பகுதியின் லோவார்ரேக்கும் செகோவியா மாகாணத்தின் கோகாவுக்கும்தான். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நானூறு ஆண்டு.

லோவார்ரே எல்லைக் காவல் கோட்டை. 11ஆம் நூற்றாண்டில் நவார்ரே மன்னர் மூன்றாம் சாஞ்சோ தொடங்கியது. கீழே முஸ்லிம்கள் வசமிருந்த போலெயா ஊரை இங்கிருந்து கண்காணித்தார்கள். பேரன் சாஞ்சோ ராமிரெஸ் 1071 வாக்கில் அகஸ்டினியத் துறவிகளைக் குடியமர்த்தினார். தேவாலயம் அதன் பிறகு எழுந்தது. சுண்ணாம்புப் பாறைமேல் நிற்பதால், அடியில் சுரங்கம் தோண்டி மதிலைச் சரிக்க முடியாது. ஆனால் அதே பாறை, கட்டுபவரையும் படுத்தும். தேவாலயத்தின் கிழக்குப் பகுதி சரிவில் வந்துவிட்டதால், அதற்கடியில் சாந்தா கிதேரியா நிலவறைக் கோயிலைக் கட்டி மட்டம் செய்தார்கள். நடுக்கூடமோ நீளம் குறைந்துவிட்டது. அதன்மேல் இவ்வளவு பெரிய குவிமாடம் எழுந்திருப்பதுதான் வியப்பு. நுழைவுப் படிக்கட்டும் தேவாலயத்துக்கு அடியிலேயே ஏறுகிறது: ஒரு பக்கம் காவலர் அறை, மறுபக்கம் நிலவறை. வெளிமதிலின் பெரும்பாலான கொத்தளங்களுக்கு உட்பக்கச் சுவரே கிடையாது. எதிரி ஏறிப் பிடித்தாலும் உள்ளேயிருந்து வரும் அம்புக்கு மறைவு இருக்காது.

கோகா வேறு ஜாதி. பின்னாளில் செவில் பேராயரான அலோன்சோ தே ஃபொன்சேகா 1453இல் அனுமதி பெற்றார், கட்டியது செங்கல்லில். சுற்றிலும் களிமண்ணும் பைன் காடும். சூளைக்கு வேறென்ன வேண்டும்? கல்லை பீரங்கித் துளை போன்ற சில இடங்களில் மட்டும் வைத்தார்கள். சமவெளியில் உயரத்தின் பலம் இல்லாததால், ஆழமான வறண்ட அகழியும் அதற்குள் இரட்டை மதிலும். மதிலின் அடிப்பகுதி சரிவாக அகல்கிறது, குண்டு நேராக மோதாமல் வழுக்கிப் போக. ஆனால் மேலே பாருங்கள்: கொத்தளங்களில் வரிவரியாகப் புடைத்த செங்கல் வேலைப்பாடு பாதுகாப்புக்கு எதுவும் செய்யாது. பணத்தையும் அதிகாரத்தையும் காட்டத்தான் அது. முதேஹார் (கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஸ்பெயின் முஸ்லிம்கள்) கொத்தர்களின் கைத்திறனைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கோட்டை எப்படிப் போரிட்டது என்று பார்க்க வருபவர் லோவார்ரேக்குப் போகட்டும்; பொதுப் போக்குவரத்து குறைவு, ஊயெஸ்கா நகரிலிருந்து போகக் கார் இருந்தால் நல்லது. செங்கல்லுக்காகவென்றால் கோகா. அங்கே வனவியல் பயிற்சிப் பள்ளி நடப்பதால் எல்லா அறைகளுக்கும் போக முடியாது.